வாசிக்காமல் வைத்த கையெழுத்து

அத்தியாயம் 11

ஒரு வெள்ளை உறையைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் எட்டு நாள் வைத்துக் கும்பிட்ட சிவகௌரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புதிதாக வந்து உட்காருபவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் பான் நகரத்தில் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சாப்பாடு அனுப்புகிற பெரிய சமையற்கூடம் ஒன்றில் சிவகௌரி இருபத்தொரு வருடம் வேலை செய்தாள். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மேலாளர் பிராவ் லின்ட்னர் கேக் வெட்டினாள். பழைய ஆட்களுக்குப் பூங்கொத்தும் ஆளுக்கொரு வெள்ளை உறையும் கொடுத்தாள். "இங்கே ஒரு கையெழுத்து, உறை உங்களுக்கு" என்று மேசையில் கிடந்த தாளைக் காட்டினாள். சிவகௌரி கையெழுத்து வைத்தாள். வாசிக்கவில்லை.

ஏன் வாசிக்கவில்லை என்று கேட்கிறீர்களா? ஒருவர் சிரித்த முகத்தோடு தருவதை அவர் கண் முன்னாலேயே பிரிப்பதும் எண்ணுவதும் எங்கள் ஆட்களிடம் இல்லாத பழக்கம். கலியாண வீட்டில் கையில் திணிக்கிற காசு உறையை, தந்தவர் நிற்கும்போதே யாராவது கிழிப்பார்களா? அவரை நம்பவில்லை என்று முகத்தில் அடித்துச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? இருபத்தொரு வருட உழைப்புக்குப் பரிசு என்றுதான் நினைத்தாள், பாவி. சாமித்தட்டில் வைத்துப் பூவும் போட்டாள்.

எட்டாம் நாள் மகள் வேணுஜா உறையைப் பிரித்தாள். உள்ளே இருந்தது ஓர் ஒப்பந்தம். மே மாதக் கடைசியோடு, இரு தரப்பும் சம்மதித்து, சிவகௌரி வேலையை விட்டுப் போகிறாளாம். மேசையில் அவள் கையெழுத்து வைத்த தாளும் இதுவேதான்.

தானாக வேலையை விட்டவருக்குப் பன்னிரண்டு வாரம் வேலையில்லாக் கொடுப்பனவு கிடையாது. அந்தத் தடைக்கு ஸ்பெர்சைட் என்று பெயர். பிறகு கிடைக்கிற காலத்திலும் கால்வாசி வெட்டு. கம்பனி அனுப்பவேண்டிய பத்திரத்தை இரண்டரை மாதம் இழுத்தடித்து அனுப்ப, ஆகஸ்ட்டில் வேலை அலுவலகத்தின் முடிவு வந்தது: ஸ்பெர்சைட் உண்டு. அதை மறுத்துச் சொல்ல ஒரு மாதம் தவணை. அந்தத் தவணை இன்று, இந்த வியாழக்கிழமை, முடிகிறது.

இனிக் கதைக்கு வருவோம்.

காலை ஏழு மணி. சிவகௌரியின் கணவன் கிருபன் பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். பொதி வண்டி ஓட்டுகிறவன்; இந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமையும் ஓடி, இன்றைக்குத்தான் ஒரு நாள் ஓய்வு.

"இஞ்சேருங்கோ, எனக்கு வேலை கிடைக்கும் போலை" என்றாள் சிவகௌரி.

"எங்கை?"

"நான் செய்த வேலைதான்."

நேற்று வந்த கடிதத்தை அவன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். இப்போதெல்லாம் அவள் கடிதங்களை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. கீழே பெட்டியடியிலேயே, நின்ற நிலையில், விரலை விட்டுக் கிழித்து வாசித்துவிட்டுத்தான் படியேறுகிறாள்.

கடிதம் வேலை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. சமையற்கூட உதவியாளர் தேவை, உடனே விண்ணப்பிக்கவும், விண்ணப்பிக்காவிட்டால் மறுபடியும் ஸ்பெர்சைட் விழலாம் என்று எழுதியிருந்தார்கள். ஆள் தேடுவது யாரோ ஒரு ஒப்பந்தக் கம்பனி. வேலை செய்யும் இடம் தொழிற்பேட்டை, இரண்டாம் வாசல்.

"இரண்டாம் வாசலிலை வேறை என்ன சமையற்கூடம் இருக்கு? அங்கை வேலை இல்லையெண்டுதானே பூவும் கேக்கும் தந்து அனுப்பினவை. இப்ப வேறை பேரிலை, குறைஞ்ச சம்பளத்துக்கு ஆள் தேடுகினம். நான் நேற்றே போன் எடுத்து விண்ணப்பம் போட்டிட்டன். நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வரட்டாம்."

"போகப்போறீரோ?"

"பின்னை? என்ரை ஏப்பிரன் கொழுவின ஆணிக்குக் கீழை இன்னும் என்ரை பேர் ஒட்டியிருக்கும். போய்ப் பாக்கத்தானே வேணும்."

கிருபன் சிரிக்கவில்லை. பாணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கௌரி, நான் ஒண்டு சொல்லட்டோ? பன்னிரண்டு கிழமையும் முடிஞ்சுபோச்சு. இந்த மாசத்திலை இருந்து காசு வருகுதுதானே. இனி என்னத்துக்கு அவையளோடை கொழுவல்? பழைய கடதாசியளைக் கிளறாதையும்."

"காசு வருகுது, ஓம். ஆனால் நான் தானா விட்டிட்டுப் போனனெண்டெல்லோ எழுதி வைச்சிருக்கினம். நான் விட்டிட்டுப் போனனானோ? காய்ச்சலோடையும் போய் நிண்ட சீவன் நான். குனியக் குனியத்தான் குட்டுவினம். நான் இனிக் குனியிறதா இல்லை."

அவன் எழுந்து, கோப்பையைக் கழுவத் தொடங்கினான். கலியாணமாகி இருபத்தாறு வருடத்தில் கிருபன் தானாகக் கோப்பை கழுவிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிவகௌரி அதைக் கவனித்தாள். வேலை அலுவலகத்தில் குறித்துத் தந்த சந்திப்புக்கு, அந்த டெர்மினுக்கு, நேரமாகிறது என்று விட்டுவிட்டாள்.

வேணுஜா சாம்பல் நிற ஜாக்கெட் போட்டு, கோப்பும் கையுமாக வாசலில் நின்றாள். இருபத்திரண்டு வயது. பக்கத்து ஊர் நகரசபையில் ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறாள். இன்னும் ஒரு வருடத்தில் அவளும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவள். மறுப்புக் கடிதத்தை அவளே இரண்டு பக்கத்தில் அழகாகத் தட்டச்சு செய்திருந்தாள்.

டிராமில் இடம் கிடைத்ததும் சிவகௌரி கையை நீட்டினாள்.

"தா, பாப்பம்."

"நான்தானே எழுதினனான், அம்மா. நீங்கள் சைன் வைச்சால் சரி."

"அப்பிடித்தான் பிராவ் லின்ட்னரும் சொன்னவ."

வேணுஜா முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தாள். சிவகௌரி விரலை வரிக்குக் கீழே வைத்து ஓட்டினாள். முதற் பக்கத்தின் நடுவில் விரல் நின்றது.

"எனக்கு டொச்சு மொழி போதிய அளவு விளங்காதபடியால் கையெழுத்து வைச்சனெண்டு எழுதியிருக்கிறாய்."

"ஓம். அதுதான் அவைக்கு விளங்குற காரணம்."

"முன்னூறு நோயாளியளின்ரை சாப்பாட்டு லிஸ்ட்டை நாளாந்தம் ஆர் வாசிச்சது, வேணு? இந்த மனிசிக்குப் பால் ஏலாது, அந்தப் பிள்ளைக்குக் கச்சான் ஏலாது எண்டு ஒவ்வொரு தட்டிலையும் ஆர் சீட்டு ஒட்டினது? இருபத்தொரு வருசத்திலை ஒரு தட்டு மாறிப் போயிருக்கோ? எனக்கு டொச்சு தெரியாதெண்டு நானே கையெழுத்து வைக்கவோ?"

"மெல்லக் கதையுங்கோ அம்மா, சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

வேணுஜா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாமித்தட்டு, பூ, தந்த ஆளுக்கு முன்னாலை வாசிக்கக் கூடாது... உதெல்லாம் அங்கை போய்ச் சொன்னால் சிரிப்பினம்."

"அவை சிரிக்கிறது இருக்கட்டும். உனக்கு வெக்கமோ?"

இரண்டு தரிப்பிடம் கடந்து போனது.

"ஓம்" என்றாள் வேணுஜா. "கொஞ்சம் வெக்கம்தான்."

சிவகௌரிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளையின் வாயால் கேட்கிற சொல்லா இது? ஆனாலும் பொய் சொல்லாமல் சொன்னாளே என்று ஒரு மூலையில் ஆறுதலும் இருந்தது. கடிதத்தை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மகளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

அலுவலகத்தில் அவர்களுக்குக் கிடைத்தவர் ஹெர் ஹார்ட்மன். நாற்பது வயது இருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது, அவசரக்காரர். முதலில் வேலை தேடிய ஆதாரங்களைக் கேட்டார். சிவகௌரி ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை விரித்து வைத்தாள். பதினேழு இடம். ஒவ்வொன்றுக்கும் திகதி, வந்த பதில், வராத பதில். ஒரு பேக்கரி, 'உங்களைப் பற்றி ஒரு நிமிட வீடியோ அனுப்புங்கள்' என்று கேட்டதற்கு, அவள் இடியப்பம் பிழிகிற வீடியோவை அனுப்பியதும் அதில் இருந்தது. அந்த இடத்தில் ஹெர் ஹார்ட்மன் கொஞ்சம் சிரித்தார்.

"எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மறுப்புக் கடிதம் கொண்டுவந்தீர்களா?"

வேணுஜா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைப்பையைத் திறக்கவில்லை. வேணுஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல ஜெர்மனில் தொடங்கினாள். "என் தாயாருக்கு மொழி போதிய அளவு தெரியாத காரணத்தால்..."

"அது பிழை" என்றாள் சிவகௌரி, அதே ஜெர்மனில்.

அவளுடைய ஜெர்மன் சமையற்கூடத்தில் படித்தது. இலக்கணம் அங்கங்கே உடையும். ஆனால் கொதிக்கிற அண்டாக்களுக்கு மேலாகக் கத்திப் பழகிய குரல், யாருக்கும் கேட்காமல் போகாது.

"எனக்கு மொழி தெரியும். வாசிக்கத் தெரியும். அன்றைக்கு வாசிக்கவில்லை. எங்கள் பழக்கத்தில், ஒருவர் அன்பாகத் தருவதை அவர் முன்னால் சோதிப்பதில்லை. கேக், பூ, உறை. பரிசு என்று நினைத்தேன். பரிசு மாதிரித்தான் தந்தார்கள். என்னோடு வேலை செய்த எமில் அந்த இடத்திலேயே பிரித்து வாசித்தான், கையெழுத்து வைக்கமாட்டேன் என்றான். அவனைக் கம்பனியே நிறுத்தியது. அதனால் அவனுக்கு முதல் நாளிலிருந்து கொடுப்பனவு. நான் மரியாதை காட்டினேன், எனக்குத் தண்டனை. இது நியாயமா?"

ஹெர் ஹார்ட்மன் சிரிக்கவில்லை. உருகவும் இல்லை.

"மரியாதை சட்டத்தில் ஒரு காரணம் ஆகுமா என்று எனக்குத் தெரியாது. அதை முடிவு செய்வதும் நான் இல்லை. ஆனால் எழுத்தில் வேண்டும். கடிதம் இல்லையென்றால், நீங்கள் சொல்வதை இங்கே எழுதிக்கொள்ளலாம். அதற்குத் தனி டெர்மின். அடுத்த செவ்வாய்க்கிழமை..."

"ஏலாது" என்று தமிழில் வெடித்துவிட்டு, வேணுஜா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த கணம் நிமிர்ந்து ஜெர்மனில் தொடர்ந்தாள். "தவணை இன்றோடு முடிகிறது. நேரில் வந்து சொல்கிற மறுப்பை எழுதி வாங்கவேண்டியது அலுவலகத்தின் கடமை. நானும் நகரசபையில்தான் படிக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரமாட்டோம். இன்றைக்கே எழுதுங்கள்."

சிவகௌரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். காதுமடல் சிவந்து, ஆவணக் கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் பிள்ளை. அரை மணித்தியாலத்துக்கு முன் வெட்கம் என்று சொன்ன அதே பிள்ளை!

"என் தாயார் சொன்னது எல்லாவற்றையும் எழுதுங்கள்" என்றாள் வேணுஜா. "உறையை எங்கே வைத்தார் என்பதையும்."

ஹெர் ஹார்ட்மன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

சிவகௌரி சொல்லச் சொல்ல அவர் தட்டினார். கேக்கைச் சொன்னாள். கையெழுத்து வைக்கும்போது பிராவ் லின்ட்னர் சொன்ன வசனத்தைச் சொன்னாள். எட்டு நாளைச் சொன்னாள். அந்த எட்டு நாளும் தனக்கோ வீட்டில் வேறு யாருக்குமோ ஒன்றும் தெரியாது என்றாள். கடைசியாக நேற்று வந்த வேலைக் கடிதத்தை மேசையில் வைத்து, முகவரியின் மேல் விரலைக் குத்தினாள்.

"இது நான் வேலை செய்த இடம். வேலை போகவில்லை, என்னை மட்டும்தான் அனுப்பினார்கள். இதையும் எழுதுங்கள்."

அவர் முகவரியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி முகவரியைப் பார்த்தார். கடிதத்தை எடுத்துப் பிரதி பண்ணினார். அந்தப் பிரதிக்கு அவர் கேட்காமலே ஒரு முத்திரையும் குத்தினார்.

அச்சியந்திரம் இரண்டு தாளைத் துப்பியது. ஹெர் ஹார்ட்மன் அதைத் திருப்பி வைத்து, பேனாவையும் நீட்டினார்.

"இங்கே ஒரு கையெழுத்து, பிரதி உங்களுக்கு."

அதே வசனம்! சிவகௌரி பேனாவை வாங்கினாள். தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"வாசிக்கிறேன்" என்றாள்.

"நீங்கள் சொன்னதுதான் இருக்கிறது."

"இருக்கட்டும். வாசிக்கிறேன்."

வாசித்தாள். தந்தவர் முகத்துக்கு முன்னால், அவர் பார்த்துக்கொண்டிருக்க, விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தாள். வெளியே நடைவழியில் கதிரைகள் கிறீச்சிட்டன. யாரோ கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அம்மா, சனம் காத்துக்கொண்டு நிக்குது" என்றாள் வேணுஜா மெல்ல.

"நிக்கட்டும். நான் மூண்டு மாசம் காத்துக்கொண்டு நிண்டனான்."

இரண்டு பக்கமும் முடிந்தது. பேனாவை எடுப்பாள் என்று எல்லாரும் நினைத்தபோது, அவள் நிமிர்ந்தாள்.

"கம்பனி என்ன எழுதியது? இரண்டரை மாதம் கழித்து அனுப்பினார்களே, அதையும் வாசிக்கவேண்டும்."

காட்டாமல் இருக்க முடியாது என்று ஹெர் ஹார்ட்மனுக்கும் தெரியும், வேணுஜாவுக்கும் தெரியும். பெருமூச்சு விட்டுக்கொண்டு அதையும் அச்சடித்துத் தந்தார். நாலு பக்கம். வேலையில் சேர்ந்த திகதி, விடுமுறை நாட்கள், சம்பள வரிசை. கடைசிப் பக்கத்தில் 'மேலதிக விளக்கம்' என்று ஒரு பெட்டி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பினது அங்கேதான்.

'மார்ச் 19 அன்று, பணியாளரின் கணவர் திரு. கிருபனுக்குத் தொலைபேசியில் ஒப்பந்தம் முழுமையாக விளக்கப்பட்டது. மனைவிக்கும் சம்மதம் என்று அவர் உறுதியளித்தார்.'

மார்ச் 19. கேக் வெட்டிய வெள்ளிக்கிழமைக்குச் சரியாக எட்டு நாள் முன்னால்.

சிவகௌரியின் விரல் அந்த வரியிலேயே நின்றது. வேலையில் சேர்ந்த காலத்தில் அவளிடம் கைபேசி இல்லை. தொலைபேசி எண் என்று கேட்ட இடத்தில் கிருபனுடையதைத்தான் எழுதிக் கொடுத்தாள். பிறகு மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. புருஷனின் எண்ணும் தன் எண்ணும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டாள்.

வேணுஜா எட்டிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"பொய், அம்மா. கம்பனி பொய் சொல்லுது. அப்பா அப்பிடிச் செய்யமாட்டார். பொய்யெண்டு சொல்லுங்கோ!"

பொய்தான் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது! ஆனால் சிவகௌரியின் கண்ணுக்குள் காலையில் கழுவிய கோப்பை வந்து நின்றது. பழைய கடதாசியளைக் கிளறாதையும் என்ற குரலும் கேட்டது. உறையை எட்டு நாள் சாமித்தட்டில் வைத்திருந்தபோது ஒரு நாளாவது 'அதைப் பிரிச்சுப் பாரும்' என்று அந்த மனிசன் சொன்னானா? ஒவ்வொரு நாள் காலையும் அதற்கு முன்னால் நின்று தானும் கும்பிட்டுவிட்டுத்தானே வேலைக்குப் போனான்?

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது. அழுகையை விழுங்கினாள்.

"இதை நீங்கள் மறுக்கிறீர்களா?" என்று ஹெர் ஹார்ட்மன் கேட்டார். அவர் குரலில் இப்போது அவசரம் இல்லை.

"நான் சொன்னதில் ஒரு வரியை மாற்றவேண்டும்" என்றாள் சிவகௌரி. "வீட்டில் யாருக்கும் தெரியாது என்று இருக்கிறது. அதை வெட்டுங்கள். எனக்குத் தெரியாது என்று எழுதுங்கள்."

அவர் மாற்றினார்.

"கீழே இன்னும் எழுதுங்கள். அந்தச் சமையற்கூடத்தில் இருபத்தொரு வருடம் நின்றது நான். என் கணவர் அங்கே ஒரு தட்டும் கழுவவில்லை. என்னுடைய வேலையைப் பற்றி அவரிடம் சொன்னது என்னிடம் சொன்னதாகாது. அவருடைய சம்மதம் என்னுடைய சம்மதம் இல்லை."

விசைப்பலகை கொஞ்ச நேரம் தட்டுப்பட்டு ஓய்ந்தது. புதிய தாள் வந்தது. சிவகௌரி அதையும் முதல் வரியிலிருந்து வாசித்தாள். இந்த முறை யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. முடிவில் பேனாவை எடுத்து, தன் முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் எழுதிக் கையெழுத்து வைத்தாள். இன்றைய திகதி முத்திரை விழுந்தது. மறுப்பு ஏற்கப்பட்டது என்றில்லை. ஆனால் தவணைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அதைத் தூக்கி எறிய யாருக்கும் ஏலாது.

வெளியே வந்தார்கள். வேணுஜா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் வீதி கடக்கும்போது பிடித்ததற்குப் பிறகு, அவள் அப்படிப் பிடித்து வெகு காலம்.

"அம்மா, அப்பாட்டை நான் கேக்கட்டோ?"

"வேண்டாம். அது என்ரை கேள்வி."

டிராம் தரிப்பிடத்தில் கைபேசி அடித்தது. திரையில் கிருபனின் பெயர்.

"என்ன மாதிரி, முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. கையெழுத்து வைச்சிட்டன். வாசிச்சுப் போட்டுத்தான் வைச்சனான்."

அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த குழாய்த் தண்ணீர் நின்றது.

"எல்லாத்தையும் வாசிச்சனீரோ?"

"ஓம். மார்ச் பத்தொன்பதையும் வாசிச்சனான்" என்றாள் சிவகௌரி. "வெளியாலை எங்கையும் போயிடாதேங்கோ. வாறன்."